விறகுக் கணப்பு வாங்கப் போகிறீர்களா? அடுப்பைக் கடைசியில் பாருங்கள்

நான் முதலில் வாங்கிய விறகுக் கணப்பு 11 கிலோவாட். அதை வைத்த அறைக்கு 4 கிலோவாட்டே அதிகம். கடையில் பார்த்தபோது ஆள் உட்காரலாம் போலக் கம்பீரமாக இருந்தது, விற்றவரும் "பெரிசா இருந்தா கொஞ்சமா எரிச்சுக்கலாம், சின்னதை வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க" என்றார், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. ஒழுங்காக எரியவிட்டால் அறையில் உட்கார முடியாமல் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது, சரி என்று காற்றைக் குறைத்து அடக்கி எரித்தால் கண்ணாடி ஒரே ராத்திரியில் தார் பூசினது மாதிரி கறுத்துப் போனது. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் உள்ளேயிருந்து சுரண்டி எடுத்ததை ஒரு வாளியில் கொட்டிக் காட்டினார். நான் எதுவும் பேசவில்லை.

அந்த வாளியிலிருந்து வந்ததுதான் இந்த வரிசை: முதலில் விறகு, அடுத்து புகைபோக்கி, அப்புறம் அறையின் அளவு, எல்லாம் முடிந்த பிறகு அடுப்பு. நம்மில் பெரும்பாலானவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம், அதாவது பிடித்த அடுப்பை வாங்கி வீட்டில் இறக்கிவிட்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப வளைக்கப் பார்க்கிறோம்.

(இங்கே பேசுவது சமையல் அடுப்பு இல்லை. வார்ப்பிரும்பு அல்லது எஃகில் செய்து, கண்ணாடிக் கதவு போட்டு மூடிய, வீட்டைச் சூடாக்குகிற கணப்பு. சுலபத்துக்காக இனி அடுப்பு என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஒரு கேள்வி: இது உங்களுக்கு ஒத்துவருமா?

விறகு அடுப்பு ஒரு வேலைக்காரன் மாதிரி இல்லை, வளர்க்கிற மாடு மாதிரி. தினமும் தீனி போட வேண்டும், சாணி அள்ளுவதுபோலச் சாம்பல் அள்ள வேண்டும், அடுத்த வருஷத்து விறகை இந்த வருஷமே சேர்த்துக் காய வைக்க வேண்டும். பதிலுக்கு மின்சாரம் போனாலும் வீடு சூடாக இருக்கும், அந்தத் தணலின் சூடு வேறு எந்த ஹீட்டரிலும் கிடைக்காது. பட்டனைத் தட்டினால் சூடு வர வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. விறகுத் தூளை அழுத்திச் செய்த குச்சிகளைப் போட்டு எரிக்கும் பெல்லட் அடுப்பு அவர்களுக்கு ஓரளவு பொருந்தும், ஆனால் அதன் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் விறகு எரிந்தால் நுண்துகள் வரும், வெளியே புகைபோக்கி வழியாகவும், கதவைத் திறக்கும்போது கொஞ்சம் வீட்டுக்குள்ளும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், நுரையீரல் கோளாறு உள்ளவர், கைக்குழந்தை இருந்தால் வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நகரங்களில் விறகு எரிப்பதற்கே கட்டுப்பாடு உண்டு, அதனால் உள்ளாட்சி அலுவலகத்திலும் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வாங்கிய பிறகு கேட்டால் தலைவலி.

படி 1: விறகு எங்கிருந்து வரும்?

கடைக்குப் போவதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். ஏனென்றால் ஈர விறகைப் போட்டால் உலகத்திலேயே நல்ல அடுப்பும் புகைமூட்டப் பெட்டிதான்.

அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 10 கிலோ பச்சை விறகை உள்ளே போடுகிறீர்கள் என்றால் 5 லிட்டர் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம். அந்தத் தண்ணீரை ஆவியாக்க வெப்பம் செலவாகிறது என்பது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் கட்டையிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரிவதால் வருகிறது, அந்த வாயுக்கள் பற்றிக்கொள்ள அடுப்பின் உள்ளே சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் உள்ளே அந்தச் சூடு ஏறாது. வாயுக்கள் எரியாமலே புகையாக மேலே போகும், குளிர்ந்த புகைக்குழாயில் பட்டுத் தாராகப் படியும். இந்தப் படிவுக்குத்தான் கிரியோசோட் என்று பெயர், என் வாளியில் கிடந்ததும் இதுதான்.

எரிக்கிற விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்க ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது, இரண்டு ஊசி இருக்கும், அடுப்பு வாங்குவதற்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள். அளக்கும்போது கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தினால் அது எப்போதும் காய்ந்ததாகவே காட்டும், விறகு விற்பவர்களில் சிலர் அப்படித்தான் குத்திக் காட்டுவார்கள். கட்டையை அங்கேயே இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீர் என்று கேட்கும், ஈரமானது பொத்தென்று கேட்கும். முனைகளில் வெடிப்பு விட்டிருப்பதும் பட்டை தானாகக் கழன்று வருவதும் நல்ல அடையாளம்.

எந்த மரம் நல்லது என்று எல்லோரும் கேட்பார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மரங்களுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான், 20 சதவீத ஈரத்தில் எந்த மரமும் கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். வித்தியாசம் அடர்த்தியில் வருகிறது. ஓக் போன்ற கனமான மரம் அதே இடத்தில் அதிக எடை பிடிக்கும், நின்று எரியும், ஆனால் காய இரண்டு வருஷம்கூட ஆகும். பைன் மாதிரி லேசான மரம் சீக்கிரம் காய்ந்து சீக்கிரம் எரிந்து தீரும், பற்ற வைக்க அருமை. பைன் எரித்தால் புகைபோக்கி கெட்டுவிடும் என்பது பரவலான பயம். காய்ந்த பைன் ஒன்றும் செய்யாது, ஈரமான ஓக் எல்லாவற்றையும் செய்யும்.

பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம், பிளைவுட், கடலில் ஊறிக் கரை ஒதுங்கிய கட்டை இவை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. மருந்து ஏற்றிய பழைய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம், கடல் உப்பு நச்சு வாயுவையும் தரும், அடுப்பையும் அரிக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 5 கிலோவாட் அடுப்பு, 75 சதவீதத் திறன் என்றால் மணிக்கு சுமார் 1.7 கிலோ காய்ந்த விறகு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரித்தால் 10 கிலோ, மூன்று மாதத்துக்கு 900 கிலோவுக்கு மேல். அவ்வளவையும் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போகிற மாதிரி அடுக்கி வைக்க இடம் இருக்கிறதா? அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து என்றால் இரண்டு மடங்கு. தார்ப்பாயைச் சுற்றிலும் இழுத்துப் போர்த்தி வைத்தால் விறகு காயாது, உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இடமே இல்லை என்றால், சூளையில் காய வைத்த விறகை அவ்வப்போது வாங்கித்தான் எரிக்க வேண்டும், அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: புகைபோக்கி

உண்மையான இயந்திரம் இதுதான், அடுப்பு அதன் அடியில் வைத்த பெட்டி. சூடான புகை லேசானது, மேலே ஏறுகிறது, ஏறும்போது கீழே ஓர் இழுவையை உண்டாக்குகிறது, அந்த இழுவைதான் அடுப்புக்குள் காற்றைக் கொண்டுவருகிறது. இழுவை சரியில்லை என்றால் அடுப்பை மாற்றி மாற்றி வைத்தும் பயனில்லை.

நல்ல இழுவைக்கு உயரம் வேண்டும், சூடு வேண்டும், நேரான பாதை வேண்டும். அடுப்பிலிருந்து உச்சி வரை நாலரை மீட்டர் இருந்தால் பெரும்பாலான அடுப்புகளுக்குப் போதும். கூரைக்கு மேலே எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு விதி சொல்வார்கள்: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, மேலும் சுற்றிலும் 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும் விட 2 அடி உயரம். மற்ற நாடுகளில் எண்கள் கொஞ்சம் மாறும், காரணம் ஒன்றுதான். பக்கத்துக் கூரையில் மோதிக் கீழே இறங்கும் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளிவிடக் கூடாது.

வீட்டுக்குள்ளேயே மேலே போகும் குழாய் சூடாக இருக்கும். வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும், பற்ற வைக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் திரும்பி வரும், தாரும் அதிகம் படியும். வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் வெப்பக்காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாயாக இருக்கட்டும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, 90 டிகிரி முழங்கைக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு போட்டால் புகையும் சுலபமாகப் போகும், துடைப்பானும் போகும்.

பழைய வீட்டில் ஏற்கெனவே செங்கல் புகைபோக்கி இருக்கிறது, அதில் செருகிவிடலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அது திறந்த கணப்புக்காகக் கட்டியது, உள்ளே ஆள் இறங்கலாம் போல அகலமாக இருக்கும். திறந்த கணப்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைப் புகையோடு மேலே அனுப்பிவிடும், அதனால் அந்த அகலம் அதற்குத் தாங்கியது. மூடிய அடுப்பிலிருந்து வருவது கொஞ்சம் புகை, அதுவும் அவ்வளவு சூடில்லாத புகை. அவ்வளவு அகலத்தில் போய் விழுந்ததும் அது சோம்பிக் குளிர்ந்துவிடும். அடுப்பில் புகை வெளியேறும் வாய் 150 மில்லிமீட்டர் என்றால் அதே அளவில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை மேலிருந்து அடிவரை இறக்க வேண்டும், அதுதான் லைனர். செலவுப் பட்டியலில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான், பல வீடுகளில் அடுப்பின் விலையை விட இந்த வேலை அதிகமாகிவிடும். அடுப்புக்கான பணம் என்று ஒதுக்கும்போதே இதையும் சேர்த்து ஒதுக்குங்கள்.

அடுப்பு எடுக்கும் காற்று எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். புதிய வீடுகள் காற்றுப் புகாமல் கட்டப்படுகின்றன. அங்கே சமையலறையின் புகை உறிஞ்சும் விசிறி ஓடினால் வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, புகைபோக்கியே தலைகீழாகக் காற்றை உள்ளே இழுக்கும். சோதிப்பது எளிது: கதவு ஜன்னல்களை மூடி, வீட்டில் உள்ள எல்லா விசிறிகளையும் போட்டுவிட்டு, புகைபோக்கியின் வாயருகில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போனால் நிம்மதி, உங்கள் முகத்தை நோக்கி வந்தால் வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் தனிக்குழாய் இணைக்கக்கூடிய மாடலைத்தான் தேட வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், முடிந்தால் அங்கே வைக்காதீர்கள்.

படி 3: அறைக்கு எத்தனை கிலோவாட்?

நான் சறுக்கிய இடம்.

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். வரும் கன மீட்டரைப் பழைய, வெப்பக்காப்பு இல்லாத வீடென்றால் 10 ஆல், சுமாரான வீடென்றால் 15 ஆல், நன்றாகக் காப்பிட்ட புது வீடென்றால் 25 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கிடைக்கும். உதாரணத்துக்கு 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்றால் 50 கன மீட்டர். பழைய வீட்டில் 5 கிலோவாட், சுமாரான வீட்டில் ஏறக்குறைய 3.3, புது வீட்டில் வெறும் 2.

வெளியே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிருக்கு இந்தக் கணக்கு சரிவரும். மைனஸ் 20க்குப் போகிற இடத்தில் போதாது, அங்கே முழு வீட்டின் வெப்ப இழப்பையும் கணக்கிடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அட்டையில் பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு, மணிக்கு) என்று போட்டிருந்தால் 3,412 ஆல் வகுத்துக் கிலோவாட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போட்டிருப்பது உச்சத் திறனா, வழக்கமாக எரியும்போது தரும் திறனா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றல்ல. 5 கிலோவாட் என்று போட்ட அடுப்பு விறகைத் திணித்தால் 7 கூடத் தரும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சின்னதை எடுங்கள். சின்ன அடுப்பை நன்றாக எரியவிடலாம், கடும் குளிர் நாளில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். பெரிய அடுப்பை அடக்கி எரிக்கும்போது காற்று போதாமல் புகைதான் கிளம்பும், தார் படியும், அந்தத் தார் ஒரு நாள் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொண்டால் உள்ளே 1,000 டிகிரிக்கு மேல் போகும், கூரையில் உள்ள மரச்சட்டங்கள் அதைத் தாங்காது.

"அப்படியானால் ஒரே அடுப்பில் வீடு முழுவதையும் சூடாக்க முடியாதா?" திறந்த அமைப்புள்ள வீட்டில், நடுவில் வைத்தால் ஓரளவு முடியும். அறை அறையாகப் பிரித்த வீட்டில், அடுப்பு இருக்கும் அறை வெந்துகொண்டிருக்கும்போது கோடியில் உள்ள படுக்கையறை சில்லென்றுதான் இருக்கும். அடுப்பின் சூட்டிலேயே சுழலும் குட்டி விசிறிகளை அடுப்பின் தலையில் வைக்கிறார்கள். பார்க்க அழகாகச் சுற்றும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், அடுத்த அறைக்குச் சூட்டை அது கொண்டுபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 4: எங்கே வைப்பது?

புகைபோக்கி நேராக மேலே போகிற இடத்தில். அவ்வளவுதான் சொல்வேன், மற்றதெல்லாம் அதற்கு அடங்கியது. சுவரிலிருந்தும் மரச் சாமான்களிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது அடுப்பின் பின்னால் உள்ள தகட்டில் அச்சிட்டிருக்கும், அந்த எண்ணைக் குறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தகடே இல்லாத பழைய அடுப்புக்கு எரியக்கூடிய எதிலிருந்தும் 36 அங்குலம், அதாவது 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியின் அளவு. கீழே கல்லோ தடித்த கண்ணாடியோ எஃகோ போட்டு, கதவுக்கு முன்பக்கம் அதை நீட்டி விட வேண்டும், கதவைத் திறக்கும்போது ஒரு கங்காவது வெளியே குதிக்காமல் இருக்காது. தரை அந்த எடையைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

படி 5: இப்போது கடைக்குப் போகலாம்

இதுவரை வந்த விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கடையில் இருப்பதில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும். மிச்சத்தில் பார்க்க வேண்டியவை:

எரியறையின் நீளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். சின்ன அடுப்புகள் பலவற்றில் 25 சென்டிமீட்டர் கட்டைதான் போகும், உங்களுக்கு விறகு தருபவரோ 33 அல்லது 40 சென்டிமீட்டரில் வெட்டித் தருவார். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு கட்டையையும் மறுபடி அறுத்துக்கொண்டிருக்க வேண்டிவரும். விற்பவர் இதை ஒருபோதும் தானாகச் சொல்ல மாட்டார். ராத்திரி போட்டால் காலைவரை தணல் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்குக் குறைந்தது 55, 60 லிட்டர் கொள்ளளவாவது வேண்டும், சின்ன அறைக்கு ஏற்ற அடுப்பில் அந்த ஆசை நடக்காது.

புகையை எப்படி எரிக்கிறது என்று கேளுங்கள். ஒரு வகையில் மேல்பக்கத் துளைகள் வழியாகச் சூடான காற்றைச் செலுத்தி, மேலே ஏறும் வாயுக்களை அங்கேயே மறுபடி எரிய வைப்பார்கள், தீ காற்றில் மிதப்பதுபோல் தெரியும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். கையாளவும் எளிது, புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இன்னொரு வகையில் தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய வினையூக்கி இருக்கும், அது 260 டிகிரி அளவிலேயே வாயுக்களை எரிய வைத்துவிடும். அதனால் மெதுவாக, நெடுநேரம் எரிக்க முடியும். ஆனால் சூடேறிய பிறகுதான் அதன் வழியாகப் புகையைத் திருப்ப வேண்டும், குப்பையை எரித்தால் கெட்டுவிடும், எப்படியும் சில வருஷங்களில் மாற்ற வேண்டிவரும். பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்களுக்கு மட்டும்.

உலோகத்தைப் பற்றி நிறைய சண்டை நடக்கும். எஃகு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். வார்ப்பிரும்பு கொஞ்சம் தாமதம், அணைந்த பிறகும் சற்று நேரம் சூடு விடும், ஆனால் அடிபட்டால் விரிசல் விடும். மாக்கல் பதித்தவை (கல்சட்டி செய்யும் அதே கல்) சூடாக நெடுநேரம் எடுத்து, ஆறவும் நெடுநேரம் எடுக்கும். மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து உடனே சூடு வேண்டும் என்பவருக்கு எஃகு, நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்குக் கல். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தர முத்திரை அவசியம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2020 விதிப்படி அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக் கூடாது, வீட்டில் எரிக்கிற மாதிரிப் பிளந்த விறகை எரித்துச் சோதித்திருந்தால் இரண்டரை கிராம். ஐரோப்பாவில் 2022 முதல் எக்கோடிசைன் விதி. முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். திறன் சதவீதத்தை ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம்: ஐரோப்பாவில் கணக்கிடும் முறையும் அமெரிக்காவில் கணக்கிடும் முறையும் வேறு, விறகின் ஈரம் ஆவியாகப் போகும்போது எடுத்துச்செல்லும் வெப்பத்தை ஐரோப்பிய முறை நஷ்டக் கணக்கில் சேர்க்காது, அமெரிக்க முறை சேர்க்கும். ஆகவே அதே அடுப்புக்கு ஐரோப்பிய எண் சில புள்ளிகள் அதிகமாகவே வரும். ஒரே முறையில் எடுத்த எண்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விறகு மட்டும் எரிக்கப் போகிறீர்கள் என்றால் நிலக்கரியும் எரியும் இரட்டை வகைக்கு அவசியமில்லை. நிலக்கரிக்குக் கீழிருந்து காற்று வர வேண்டும், அதனால் கம்பித் தட்டு இருக்கும். விறகோ சாம்பல் படுக்கையின் மேல், மேலிருந்து வரும் காற்றில் நன்றாக எரியும். கண்ணாடிக்கு உள்பக்கமாகச் சூடான காற்றுத்திரை இறங்கும் வசதி இப்போது பெரும்பாலானவற்றில் உண்டு, காய்ந்த விறகை எரித்தால் கண்ணாடியைத் துடைக்கும் வேலை மிகக் குறைவு.

கடையிலேயே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், காற்றுக் கட்டுப்பாட்டு நெம்புகோலை ஆட்டிப் பாருங்கள், உள்ளே பதித்த கற்களும் கதவைச் சுற்றி இடுக்கை அடைக்கும் கயிறும் பத்து வருஷம் கழித்தும் கிடைக்குமா என்று கேளுங்கள். அவை தேய்கிற பாகங்கள்.

பழைய அடுப்பு வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. இருட்டு அறையில் எரியும் டார்ச் ஒன்றை அடுப்புக்குள் வைத்து மூடிவிட்டுச் சுற்றி வந்து பாருங்கள், ஒளி கசிந்தால் அங்கே இணைப்பு விட்டிருக்கிறது அல்லது விரிசல். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக உருவி வந்தால் கயிறு போய்விட்டது, அது மாற்றக்கூடியதுதான். உள்ளே மேல்பக்கத் தடுப்புத் தகடு வளைந்து தொங்கினால், முன்னால் வைத்திருந்தவர் அளவுக்கு மீறிச் சூடேற்றியிருக்கிறார், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 6: பொருத்துவதும் முதல் தீயும்

பொருத்துவதை நீங்களே செய்யாதீர்கள். கை வேலை தெரிந்தவர்தான் என்றாலும் வேண்டாம், உரிமம் பெற்றவர் செய்து கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாவிட்டால் காப்பீடு பல இடங்களில் செல்லாது. அதே நாளில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றை அந்த அறையில் மாட்டுங்கள். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. குழாயில் ஒட்டும் வெப்பமானி ஒன்றும் வாங்குங்கள், மலிவானது, ஒற்றைச் சுவர்க் குழாயின் மேல்பரப்பில் 115 முதல் 245 டிகிரி வரை இருந்தால் சரியாக எரிகிறது, அதற்குக் கீழே தார், அதற்கு மேலே ஆபத்து.

தீ மூட்டும்போது பெரிய கட்டைகளை அடியில் வைத்து, அதன்மேல் சின்னது, உச்சியில் சிராயும் சுள்ளியும் வைத்து மேலிருந்து பற்ற வையுங்கள். நமக்குப் பழக்கமானதற்கு நேர்மாறாகத் தோன்றும், ஆனால் கீழே கிளம்பும் வாயு மேலே உள்ள தீயைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் புகை குறைவு, குழாயும் சீக்கிரம் சூடாகும். கதவை எப்போதும் மெதுவாகத் திறங்கள், சட்டென்று இழுத்தால் புகையும் கூடவே வரும்.

சாம்பலை முழுக்க வாராதீர்கள், விரற்கடை அளவு அடியில் விட்டு வைத்தால் அடுத்த தீ நன்றாகப் பிடிக்கும். வாரியதை மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போட்டு வீட்டுக்கு வெளியே, மரத்தரையில் படாமல் வையுங்கள். ஆறிப்போனதுபோல் தெரியும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் வாளியில் கொட்டி வீட்டை எரித்துக்கொண்டவர்கள் உண்டு. புகைபோக்கியை வருஷத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும், நடுவில் பார்க்கும்போது படிவு 3 மில்லிமீட்டர் தடிமன் வந்திருந்தால் உடனே.

முதல் நாளே பெரிய தீ போட்டு வேடிக்கை பார்க்க ஆசையாக இருக்கும். புது அடுப்பின் பெயின்ட் சூட்டில்தான் இறுகும், உள்ளே உள்ள கற்களிலும் ஈரம் இருக்கும், ஆகவே முதல் மூன்று நான்கு தீயும் சின்னச் சின்னதாக இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் நன்றாக ஆறவிட்டு அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். பெயின்ட் இறுகும்போது நெடி தூக்கும், லேசாகப் புகையும்கூட வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளையும் கூண்டில் பறவை இருந்தால் அதையும் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். அந்த நெடி இரண்டு மூன்று தீயில் போய்விடும். அதற்குப் பிறகும் அறையில் புகை வாசனை வந்தால் அது பெயின்ட் இல்லை, அடுப்பை அணையவிட்டுப் பொருத்தியவரைக் கூப்பிடுங்கள்.